டிஸ்சார்ஜ் ஆனவர் ஏன் இரண்டே வாரத்தில் திரும்பி வருகிறார்?

ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி உடலுக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகிற நிலை. இதற்காக வார்டில் சேர்ந்து, கால் வீக்கம் வற்றி, மூச்சு சீராகி, தானாக நடந்து வீட்டுக்குப் போனவர் இரண்டு மூன்று வாரத்தில் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு வருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் பயப்படும். சிலருக்கு அது உண்மைதான். ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் நிறையப் பேருக்குக் காரணம் அடுப்படியிலோ மாத்திரை டப்பாவிலோ இருக்கும்.

என்னைக் கேட்டால் கோளாறு டிஸ்சார்ஜ் அன்றே தொடங்கிவிடுகிறது. பில் கட்ட வேண்டும், இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வர வேண்டும், வண்டி வெளியே நிற்கிறது. இந்த அவசரத்தில் நர்ஸ் மாத்திரைகளை விளக்குவது கவுண்டருக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மகனிடம். அவர் மறுநாளே சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் சமைப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் மனைவியோ மருமகளோ, அவர்கள் கையில் இருப்பது ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மரி மட்டும். அதனால் யார் மாத்திரை கொடுக்கப் போகிறார்களோ அவரையே பக்கத்தில் உட்காரவைத்து விளக்கச் சொல்லுங்கள், கேட்டதை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். நர்ஸ் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அப்புறம் பழைய மாத்திரைகள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருக்கும், இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். பிபி, சர்க்கரை மாத்திரை தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மூலம் வீட்டுக்கே வருகிறது என்றால், ஆஸ்பத்திரியில் அளவை மாற்றிய விஷயம் கொண்டுவந்து தருகிறவருக்கு எப்படித் தெரியும்? புதுச் சீட்டை அவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு முதல் செக்கப்புக்கு எடுத்து வாருங்கள், அந்தச் செக்கப்பும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும்.

நீர் மாத்திரை, அதாவது உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, அதன் கதை தனி. கல்யாணம், பஸ் பயணம் என்றால் வழியில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று அன்றைக்கு அதை விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள், நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

சாப்பாட்டில் எண்ணெயைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு உப்பைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. "ஒண்ணுமே சாப்பிடல சார், கஞ்சியும் ஊறுகாயும்தான்" என்பார்கள். சரி, அந்த ஊறுகாய்தான் வில்லன். அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அதே வகை. சமையலில் போடுவதும் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்க வேண்டும். இதற்காகச் சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டை நீங்களாக வாங்கிவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது. இதய நோய்க்குத் தருகிற சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி மாத்திரை வேண்டுமென்றால் இதய நோய் இருப்பதைச் சொல்லி டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள்.

இத்தனையிலும் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் ஏறி நின்று, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சுத் திணறல் வருவதற்குச் சில நாள் முன்பே பல நேரம் எடை காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் கட்டத்தில் வந்தால் பெரும்பாலும் மாத்திரை அளவை மாற்றியே சரிசெய்துவிடலாம். செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், யாருக்கு போன் செய்வது என்று டிஸ்சார்ஜ் அன்றே நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் அந்த நம்பரும் வேண்டாம், நேராக 108.