தோளுக்குப் பின்னால் ஒரு கண்

மெக் விளையாட்டுகளில், அதாவது உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் வீடியோ கேம்களில், காக்பிட்டுக்குள்ளிருந்து பார்ப்பது சாதகமா, மெக்குக்குப் பின்னாலிருந்து பார்ப்பது சாதகமா? ஒரு கற்பனைக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். உங்கள் மெக்கின் உயரம் 10 மீட்டர். ஓட்டுபவர் உட்காரும் காக்பிட் இருப்பது 8 மீட்டர் உயரத்தில். உங்களுக்கு 5 மீட்டர் முன்னால் ஒரு சுவர், அதுவும் 10 மீட்டர் உயரம். காக்பிட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரிவது சிமென்ட் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு படையே நின்றாலும் தெரியாது.

இப்போது ஒரு பொத்தானை அழுத்தி மூன்றாம் நபர் பார்வைக்கு வாருங்கள். கேமரா மெக்குக்கு 15 மீட்டர் பின்னால், தரையிலிருந்து 14 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து சுவர் 20 மீட்டர் தூரம், சுவரின் உச்சியைவிடக் கேமரா 4 மீட்டர் உயரம். அதாவது உச்சியை உரசிப் போகும் பார்வைக் கோடு ஒவ்வொரு 5 மீட்டருக்கும் 1 மீட்டர் இறங்குகிறது. சுவரைத் தாண்டி 25 மீட்டரில் நிற்கும் அதே 10 மீட்டர் உயர எதிரியின் இடுப்புக்கு மேலே உள்ள பாதி உடம்பு தெரியும். 50 மீட்டரில் நிற்பவன் கால் வரை தெரிவான். அவனும் காக்பிட்டுக்குள் இருந்தால், அவனுக்குத் தெரிவது சுவர் மட்டும்.

சுவரோரம் ஒளிந்திருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மெக்கின் உடம்பைச் சுடலாம், பார்க்கலாம். ஆனால் அவனுடைய கண் உடம்பில் இல்லை. ஆகாயத்தில், யாராலும் சுட முடியாத இடத்தில் மிதக்கிறது.

மூலைத் திருப்பங்களில் இது இன்னும் மோசம். காக்பிட் மெக்கின் நடுவில் இருப்பதால், கட்டட மூலையைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பாதி உடம்பை வெளியே நீட்டியாக வேண்டும். பார்க்கிற அதே நொடியில் அடியும் வாங்கலாம். மூன்றாம் நபர் பார்வையிலோ கேமராவை மட்டும் மெக்கைச் சுற்றிச் சுழற்றினால் போதும். ஒரு நீளமான குச்சியின் நுனியில் கண்ணாடி கட்டி நீட்டுவது மாதிரி, கேமரா மூலைக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரும். மெக் அசையவே வேண்டாம். பப்ஜி ஆடியவர்களுக்கு இந்த வேலை நன்றாகவே தெரியும். மரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு டிபிபியில் (மூன்றாம் நபர் பார்வையில்) சுற்றிப் பார்ப்பதும் இதேதான். அந்த எரிச்சல் தாங்காமல் ஆட்டக்காரர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 2017-இல் முதல் நபர் பார்வைக்கென்றே (பாத்திரத்தின் கண்வழியே மட்டும் பார்ப்பது) தனி சர்வர்கள் வந்தன.

இதில் ஆட்டத்தின் போக்கே தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். காக்பிட் பார்வை மட்டும் உள்ள ஆன்லைன் சண்டையில், மூலையிலிருந்து சட்டென்று வெளியே பாய்பவனுக்கே கொஞ்சம் சாதகம். அவன் பாய்ந்த செய்தி சர்வர் வழியாக எதிராளியின் திரைக்குப் போய்ச் சேரச் சில பத்து மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் பாய்ந்தவன் எதிராளியைப் பார்த்திருப்பான். மூன்றாம் நபர் பார்வையில் அந்தச் சாதகம் காணாமல் போகிறது. பதுங்கியிருப்பவன் எதிரி வருவதை முதல் அடியிலிருந்தே பார்த்துக்கொண்டு, துப்பாக்கியைத் தயார் நிலையில் வைத்திருக்கிறான். இரண்டு பக்கமும் இதே புத்தியோடு ஆடினால் இரண்டு பேரும் சுவரின் இரு புறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதலில் வெளியே வருபவன் செத்தான். பொழுது போனதுதான் மிச்சம்.

சரி, எல்லாமே லாபம்தானா என்றால் இல்லை. கண் ஒரு இடத்தில், துப்பாக்கி வேறொரு இடத்தில். இதற்கான விலையை மூன்றாம் நபர் பார்வை கொடுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன சுவருக்குப் பின்னால் எதிரி அழகாகத் தெரிகிறான், குறியும் அவன் நெஞ்சில் விழுகிறது. ஆனால் மெக்கின் கை 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் குண்டு நேராகப் போய்ச் சுவரில்தான் மோதும். பெரும்பாலான விளையாட்டுகள் இதை இரண்டு படியாகக் கணக்கிடுகின்றன. முதலில் கேமராவிலிருந்து குறியின் வழியாக ஒரு கற்பனைக் கோடு போகும், அது எதில் முட்டுகிறதோ அந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் துப்பாக்கி முனையிலிருந்து அந்தப் புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டாவது கோட்டின் வழியில் ஒரு விளக்குக் கம்பம் நின்றால் கதை முடிந்தது.

காக்பிட் பார்வையிலும் இந்தக் கோளாறு சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. கண் உயரத்தில், ஆயுதம் தாழ்ந்த கைகளில் என்று அமைந்த மெக்கில் ஏறி, மேட்டுக்குப் பின்னாலிருந்து சுட்டுப் பாருங்கள். எதிரி தெளிவாகத் தெரிவான், லேசர் மட்டும் மேட்டு மண்ணைப் பொசுக்கும். அதனால்தான் மெக்வாரியர் விளையாட்டுகளில் வரும் 50 டன் எடையுள்ள ஹன்ச்பேக் மாதிரி, தோள்மேல் பெரிய பீரங்கியைச் சுமக்கும் மெக்குகளுக்கு மேடான இடங்களில் மவுசு.

இன்னொரு பிரச்சினை கேமராவுக்கே உரியது. முதுகுக்குப் பின்னால் 15 மீட்டர் காலி இடம் எப்போதும் கிடைக்குமா? கேம் எஞ்சின்களில் இதற்கு ஸ்பிரிங் ஆர்ம் என்றொரு ஏற்பாடு உண்டு. மெக்கிலிருந்து கேமரா இருக்க வேண்டிய இடம் வரை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு சோதனைக் கோட்டை அனுப்பும். நடுவில் சுவர் குறுக்கிட்டால் கேமராவைச் சுவருக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடும். குறுகிய சந்தில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கேமரா மெக்கின் பிடரியில் வந்து ஒட்டிக்கொள்ளும், திரை பூராவும் சொந்த முதுகுதான். எட்டிப் பார்க்கிற சாதகமும் அதோடு போச்சு.

எட்டிப் பார்ப்பதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் நன்மை வேறு. மெக் என்பது கிட்டத்தட்டக் கால் முளைத்த டாங்கி. கால்கள் ஒரு பக்கம் நடக்க, இடுப்புக்கு மேலே உடம்பு வேறு பக்கம் திரும்பும். நம் சொந்த உடம்பில் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே தெரியும், தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மெக்கின் காலிலிருந்து அப்படி ஒரு நரம்பும் நமக்கு வருவதில்லை. ஆரம்பத்தில் நான் பின்வாங்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு பாறையில் காலைச் சிக்கவைத்து, அங்கேயே நின்று அடி வாங்கிய ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் இதெல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். கால் எந்தத் திசையில் போகிறது, எந்தத் தோள் எதிரிக்குக் காட்டப்படுகிறது, அடி வாங்கி நொந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டோமா இல்லையா, எல்லாம்.

மெக்வாரியர் ஆன்லைன் என்ற இணைய மெக் விளையாட்டில் 2013-இல் மூன்றாம் நபர் பார்வையைக் கொண்டுவந்ததற்கும் இதுதான் காரணம். காலும் உடம்பும் தனித்தனியாகத் திரும்புவது பிடிபடாமல் திணறும் புதியவர்களுக்கு உதவ நினைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் கேமரா. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

இந்த முடிச்சை வேறொரு விளையாட்டு வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் கேமரா டாங்கிக்குப் பின்னால்தான் இருக்கிறது, சுற்றிச் சுழற்றலாம், சுவருக்கு மேலேயும் பார்க்கலாம். ஆனால் அங்கே தெரிவது மரமும் வீடும் மட்டும். எதிரி டாங்கி தெரிய வேண்டுமா என்பதைக் கேமரா முடிவு செய்வதில்லை, சர்வர் முடிவு செய்கிறது. டாங்கியில் குறித்துவைத்த இடங்களிலிருந்து எதிரியின் உடம்பில் உள்ள சில புள்ளிகளுக்குக் கோடு போட்டுப் பார்க்கும். கோடு தடையில்லாமல் போய், புதர் மறைப்பையும் பார்வைத் தூரத்தையும் கணக்கில் எடுத்தபின் தேறினால்தான் எதிரி உங்கள் திரையில் முளைப்பான். எவ்வளவு நல்ல டாங்கியானாலும் 445 மீட்டருக்கு அப்பால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் நடுவில் சுவரே இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கேமரா எங்கே வேண்டுமானாலும் மிதக்கட்டும், அதற்குக் கண் மட்டும் கிடையாது.

ஆர்மர்ட் கோர் என்ற மெக் விளையாட்டு வரிசை 1997-இல் தொடங்கியதிலிருந்தே பின்னாலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். ஆகாயத்தில் எகிறிக் குதித்துச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடும் அந்த வேகத்துக்குக் காக்பிட் பார்வை தலைசுற்றலைத்தான் கொடுக்கும். குறி தானாகவே எதிரிமேல் பூட்டிக்கொள்வதால் கேமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள இடைவெளியும் அவ்வளவாக உறுத்தாது.

மெக்வாரியர் ஆன்லைன் கண்டுபிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேமராவுக்கே ஓர் உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மூன்றாம் நபர் பார்வைக்கு மாறினால் மெக்குக்கு மேலே ஒரு குட்டி ட்ரோன் பறக்கும், விளக்கு மினுக்கிக்கொண்டே. அது எதிரியின் திரையிலும் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் மூச்சுக்கூட விடாமல் பதுங்கியிருப்பீர்கள். அந்தப் பக்கம் நிற்பவனோ சுவர் உச்சிக்கு மேலே மினுக்கும் விளக்கைப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்த மூலையிலிருந்து வெளியே வருவீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.