பயிற்சி தொடங்கி ஒரு மாதம்: வலி ஏன் அப்போது வருகிறது?

உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே வலியோடு வருபவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. ஒரு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, "இப்போதுதான் நன்றாக ஓட வருகிறது, அதற்குள் குதிகால் பிடித்துக்கொண்டது" என்று வருபவர்களே அதிகம். சோம்பேறித்தனத்தால் வந்த வலி இல்லை இது. அக்கறையோடு செய்தவர்களுக்கு வரும் வலி. அதனால்தான் பிசியோதெரபிஸ்டாக இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காரணம் எளியது. உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசை பெரிதாவதற்கு முன்பே நரம்புகள் அதை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்கின்றன. "என்னால் இன்னும் முடியும்" என்ற எண்ணம் அப்போது வருவது இயல்பு. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். எலும்போ புதிய சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் பழையதைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அதில் ஒரு சுற்று முடியவே சில மாதங்கள் ஆகும். இந்த நேரத்தில் ஓடும் தூரத்தை இரண்டு மடங்காக்கினால், குதிகாலின் தசைநாண் வலிக்கும், கீழ்க்கால் எலும்பில் நுண்விரிசல்கூட விழலாம்.

எனவே முதல் மூன்று மாதங்களுக்கு மூச்சு சொல்வதைக் கேட்டு அளவைக் கூட்டாதீர்கள். நேரம், வேகம், எடை, நாட்களின் எண்ணிக்கை ஆகிய நான்கில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் நேரம், வேகம் கடைசியில். கூட்டிய பிறகு ஒரு வாரமாவது அதே அளவில் இருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 150 என்பது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரமே அதைத் தொட வேண்டியதில்லை. பத்து நிமிட நடை போதும். ஒரே மூச்சில் செய்தால்தான் கணக்கு என்பதும் இல்லை, நாளில் பிரித்துச் செய்யலாம். மிதமான வேகம் எது என்று அறிய கருவி எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் பலரும் கேட்கிறார்கள். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாளில் உச்சத்துக்கு வந்து, தானே குறையும் தசை வலி இயல்பானது. இரு பக்கமும் பரவலாக இருக்கும், நடமாடினால் இளகும். குத்துவது போன்ற வலி, ஒரே புள்ளியில் வலி, மூட்டில் வீக்கம், மறுநாள் காலை நொண்டும் அளவு வலி என்றால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். "வலித்தால்தான் பலன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் பேச்சு நிறைய முழங்கால்களைக் கெடுத்திருக்கிறது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட காலம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, முதல் நாளே ஜிம்மில் சக்திக்கு மீறிச் செய்பவர்களுக்குத் தசை சிதைந்து, அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதுண்டு. கடும் தசை வலி, வீக்கத்தோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் நடக்கப் பயப்பட வேண்டாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2015-இல் தன் பரிந்துரையை மாற்றியபோதும், வயதைவிட இவற்றையே முன்னிறுத்தியது: இப்போது எவ்வளவு இயங்குகிறீர்கள், இதய நோயோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ இருக்கிறதா, அறிகுறிகள் ஏதும் உண்டா. அசையாமல் இருந்தவருக்கு இந்த நோய்களில் ஒன்று இருந்தால், தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறு வேலைக்கே மூச்சுத் திணறல், தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம் இருப்பவர்கள் எவரானாலும் அப்படியே. பயிற்சியின்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், அந்தக் கணமே நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள்.

மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சில சொற்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பை அதிகம் ஏற விடாது. கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள், பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று மேலே சொன்ன பேச்சுச் சோதனையே போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை விட வேண்டும். வேகமாக நடந்துவிட்டு எல்லோருமே சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். இல்லையென்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். இன்சுலின் போடுபவர்கள் தொடங்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். பயிற்சியின் விளைவு பல மணி நேரம் நீடிப்பதால், மாலையில் நடந்தவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.