அன்றைக்கே எழுதுங்கள்: கண்காணிப்பாளர்களுக்கு 17(அ), 17(ஆ) விளக்கம்

தமிழக அரசு அலுவலகத்தில் ஓர் ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால், அது நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் பிரிவுக் கண்காணிப்பாளர் எழுதி வைத்த தாளைப் பொறுத்தது.

‘அடிக்கடி தாமதமாக வருகிறார்’ என்பது குறிப்பே ஆகாது. ‘3.3.2025 காலை 10.40-க்கு வந்தார். பஸ் வரவில்லை என்றார். பதிவேட்டில் நேரம் குறித்துச் சுருக்கொப்பம் இட்டேன்’ என்று எழுதுங்கள். அவர் சொன்ன காரணத்தை விட்டுவிடக் கூடாது. நாளை அது உண்மையாகவும் இருக்கலாம். ‘பொறுப்பற்றவர்’, ‘திமிர் பிடித்தவர்’ போன்ற சொற்கள் கோப்பில் ஏறினால், படிப்பவர் கண்ணுக்கு எழுதியவரின் கோபம்தான் தெரியும்.

வாயால் சொல்லியும் திருந்தாவிட்டால், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை (மெமோ) கொடுக்க வேண்டும். நகலில் நாளிட்ட ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால், யார் முன்னிலையில் மறுத்தார் என்று எழுதி அவர்களிடம் கையெழுத்துப் பெற்று, வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் சேருங்கள்.

அதன் பிறகே தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் வருகின்றன. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கு விதி 17(அ): குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் பெற்று, பரிசீலித்து ஆணையிடலாம். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்றால் 17(ஆ). இதன் ஆங்கிலப் பெயரான ‘பதினேழு பி’ என்றாலே அலுவலகத்தில் முகம் வெளுத்துவிடும். அதில் குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் தர வேண்டும். விசாரணை அலுவலர் முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஊழியருக்கு உரிமை உண்டு. விசாரணை அறிக்கையின் நகலையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 311-வது பிரிவு தரும் பாதுகாப்பு இது. ஆவணப் பட்டியலில் சேர்க்க உங்கள் அன்றாடக் குறிப்பைத் தவிர வேறென்ன இருக்கும்?

மனத்தாங்கல் வந்த பிறகு உட்கார்ந்து, ஓராண்டுக் குறைகளை ஒரே நாளில் எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரே மையில், ஒரே கையெழுத்தில் வரிசையாக இருக்கும் அந்தப் பக்கங்களை விசாரணையில் யாரும் நம்ப மாட்டார்கள். அது ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கும் அநியாயமும்கூட.

நல்ல வேலையையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். ஊழியரின் வேலையை மேலதிகாரி ஆண்டுதோறும் மதிப்பிட்டு எழுதும் மந்தண (ரகசிய) அறிக்கையில் இடும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியிருக்கிறது. ‘சராசரி’ என்று எழுதிவிட்டு மூடி வைக்க முடியாது. ஏன் சராசரி என்று அவர் வந்து கேட்கலாம்.