பதிவேட்டில் ஏறினால் போதுமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டம்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களின் பாரம்பரிய இடங்களைக் காக்க 1972இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. பில்பாராவில் இரும்புத் தாது வெட்டுபவர்கள், காரத்தா பக்கம் எரிவாயு ஆலை நடத்துபவர்கள் என்று யாராக இருந்தாலும் இந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மண்ணில் கை வைக்க வேண்டும். இந்தப் பேச்சு வந்தாலே பலரும் முதலில் கேட்பது, "அந்த இடம் பதிவாகியிருக்கா?" என்பதுதான். மாநில அரசின் பாரம்பரிய இடப் பதிவேட்டில் பதிவாகியிருந்தால் பாதுகாப்பு உண்டு, இல்லாவிட்டால் கிடையாது என்று ஒரு நினைப்பு. இரண்டுமே தவறு. பதிவாகாத இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பதிவான இடத்தையும் அனுமதி வாங்கிக்கொண்டு சட்டப்படியே வெடி வைத்துத் தகர்க்கலாம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

எது பாரம்பரிய இடம் என்பதை 5ஆம் பிரிவு சொல்கிறது. பூர்வகுடி மக்கள் தங்கள் பண்பாட்டு வாழ்க்கையில் பயன்படுத்திய பொருள்களை விட்டுச்சென்ற முக்கியமான இடம், புனிதமான அல்லது சடங்குக்கான இடம், வரலாற்று, தொல்லியல், மானுடவியல் நோக்கில் காக்க வேண்டிய இடம், இப்படிப் போகிறது அந்த வரையறை. நேரில் பார்த்தால் பல இடங்கள் சாதாரணமாகத்தான் தெரியும். வெறும் செம்மண் மேட்டில் சிதறிக் கிடக்கும் கல் சில்லுகள், விதை அரைத்து அரைத்து வழவழப்பாகக் குழிந்துபோன ஒரு பாறை, வரிசையாக நட்டுவைத்த கற்கள், பட்டை உரித்த தழும்பு ஆறிப்போன ஒரு மரம். புல்டோசர் ஓட்டுபவரின் கண்ணுக்கு இது எதுவுமே படாது. அந்த மண்ணுக்கு உரியவர்கள் கூடவே நடந்து வந்து காட்ட வேண்டும்.

இந்த வரையறைக்குள் ஓர் இடம் வந்துவிட்டால் அதைத் தோண்டுவது, அழிப்பது, சேதப்படுத்துவது, மறைப்பது, எந்த விதத்திலாவது மாற்றுவது எல்லாமே 17ஆம் பிரிவின்படி குற்றம். பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. பிறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை என்பதால் பிள்ளை பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா, அதே கணக்குதான்.

அப்படியானால் பதிவு எதற்கு? 62ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர், அது பாரம்பரிய இடம் என்று தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான வழியும் இல்லை என்று நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஏறி, வரைபடத்தில் எல்லையோடு இருக்கும் இடத்தில் இந்தச் சாக்கு செல்லுபடியாவது கஷ்டம். பதிவால் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்.

மாநிலத்தின் திட்டமிடல், நிலம், பாரம்பரியத் துறை இந்தப் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிலை போட்டிருப்பார்கள். மதிப்பீடு முடிந்து ஏறிய இடம் "பதிவானது". தகவல் வந்து மதிப்பீட்டுக்காகக் காத்திருப்பது "சமர்ப்பிக்கப்பட்டது". பார்த்துவிட்டு 5ஆம் பிரிவுக்குள் வராது என்று ஒதுக்கியது மூன்றாவது வகை. காத்திருப்பில் உள்ள இடம் என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், தாராளமாகத் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. சில இடங்களின் எல்லையை வேண்டுமென்றே துல்லியமாகக் காட்ட மாட்டார்கள், சில கோப்புகளை ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்றும் கட்டுப்பாடு உண்டு. அந்த மக்களின் மரபுச் சட்டம் வெளியே சொல்லக் கூடாது என்று தடுத்திருக்கும் தகவலைச் சொல்லும்படி இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 7ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் இடத்தைக் காப்பாற்றுவதற்காக அதன் ரகசியத்தையே விலையாகக் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆனால் மதிப்பிடுபவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு போர்ட் ஹெட்லண்ட் துறைமுகமே சாட்சி. இரும்புத் தாதுக் கப்பல்கள் வந்து போகும் அந்தத் துறைமுகப் பகுதியில் மராபிகுரின்யா யின்தா என்ற புனித இடம் இருக்கிறது. 2013இல் மதிப்பீட்டுக் குழு, இது சட்டப்படி புனித இடம் ஆகாது என்று முடிவு செய்தது. மதச் சடங்குக்கென்றே ஒதுக்கிப் பயன்படுத்தினால்தான் புனித இடம், தொன்மக் கதையோ நம்பிக்கையோ இருப்பது மட்டும் போதாது என்று ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டார்கள். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, படிக்கிற விதம் மட்டும் மாறியது. இதே விளக்கத்தால் வேறு பல இடங்களும் பதிவேட்டிலிருந்து போயின. 2015 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தூக்கி எறிந்தது. கோயில் கட்டிக் கும்பிடாத மக்களிடம் போய்க் கோயில் எங்கே என்று கேட்கும் வேலையாகத்தான் எனக்குக் குழுவின் விளக்கம் பட்டது.

சரி, இப்போது 18ஆம் பிரிவுக்கு வருவோம். நில உரிமையாளர், சுரங்கக் குத்தகை வைத்திருப்பவர் போன்றவர்கள், இந்த இடத்தைத் தொடாமல் எங்கள் வேலை நடக்காது என்று விண்ணப்பிக்கலாம். குழு பார்த்துப் பரிந்துரை செய்யும், சமூகத்தின் பொது நலனைக் கருதி அமைச்சர் முடிவெடுப்பார். அனுமதி கிடைத்துவிட்டால் அதற்கு உட்பட்ட சேதம் குற்றமே ஆகாது. இடம் பதிவாகியிருந்தாலும் கதை இதுதான்.

பில்பாராவின் ஜூக்கன் கோர்ஜ் பள்ளத்தாக்கில் இதுதான் நடந்தது. புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் நிலம் அது. அங்கிருந்த பாறைக் குகைகள் ரியோ டின்டோ நிறுவனத்தின் புரோக்மன் 4 சுரங்க விரிவாக்கத்துக்குள் வந்தன, 2013இல் 18ஆம் பிரிவு அனுமதியும் கிடைத்தது. அதற்கு அப்புறம்தான், 2014இல், இருப்பதை எடுத்துவைக்கலாம் என்று அகழ்வு செய்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் வந்தன. சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கே தங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. 28,000 ஆண்டுப் பழமையான, கங்காரு எலும்பைக் கூராக்கிச் செய்த கருவி ஒன்று கிடைத்தது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் பல பேருடைய தலைமுடியைச் சேர்த்துப் பின்னிய பட்டை ஒன்றின் துண்டும் கிடைத்தது, அதன் மரபணு இன்று உயிரோடிருக்கும் அதே மக்களோடு ஒத்துப்போனது. இவ்வளவு தெரிந்த பிறகும் அனுமதியைத் திரும்பப் பரிசீலிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. 2020 மே 24 அன்று குகைகளை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சுரங்கத்தை விரிக்க நான்கு வழிகள் இருந்தன, மூன்று வழிகள் குகைகளைத் தொடாதவை. நான்காவதில் கூடுதலாக 80 லட்சம் டன் தாது கிடைக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நாடாளுமன்ற விசாரணையில் வெளியே வந்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போனார். வெடிப்பு சட்டப்படி குற்றமில்லை, அனுமதிக் கடிதம் கையில் இருந்ததே.

அப்புறம் மாநிலம் 2021இல் புதுச் சட்டம் போட்டது. அழிக்கும் நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலர் வரை அபராதம். பழைய சட்டத்தில் நிறுவனத்தின் முதல் குற்றத்துக்கு உச்சமே 50,000 டாலர்தான், ஒரு சுரங்கத்துக்கு அதெல்லாம் காசே இல்லை. 2023 ஜூலை 1 அன்று புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. 1,100 சதுர மீட்டருக்கு மேல் நிலம் உள்ளவர்களும் இதற்குள் வருவார்கள் என்றதும் விவசாயிகள் கொதித்தார்கள், ஆகஸ்ட் 8 அன்றே முதல்வர் ரோஜர் குக் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நவம்பரில் 1972 சட்டமே சில திருத்தங்களோடு திரும்பி வந்தது. வேலி போடும் விவசாயியையும் மலையைப் பெயர்க்கும் நிறுவனத்தையும் தனித்தனியாகக் கையாளும்படி திருத்தியிருக்கலாம், மொத்தமாகக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

திரும்பி வந்த சட்டத்தில் மூன்று மாற்றங்கள் முக்கியம். முன்பெல்லாம் அமைச்சரின் முடிவு பிடிக்காவிட்டால் நிறுவனம் மட்டும்தான் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். இப்போது பூர்வீக நில உரிமை பெற்ற தரப்பும் போகலாம். அனுமதி வாங்கிய பிறகு அந்த இடத்தைப் பற்றிப் புதுத் தகவல் தெரியவந்தால் அனுமதி வைத்திருப்பவர் அதை அமைச்சருக்குச் சொல்லியாக வேண்டும், அவர் அனுமதியை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். ஜூக்கனில் இல்லாமல் போனது இதுதான். மூன்றாவது மாற்றம் எனக்கு உறுத்துகிறது: மாநில அளவில் முக்கியமான விஷயம் என்றால் முதல்வர் வழக்கைத் தீர்ப்பாயத்திடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டு முடிவு சொல்லலாம்.

இந்தச் சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை முருஜுகாவில் பார்க்கலாம். காரத்தா அருகே பர்ரப் தீபகற்பமும் அதைச் சுற்றிய தீவுகளும் சேர்ந்த பகுதி அது. கருஞ்சிவப்புப் பாறையின் மேல்தோலைக் கொத்திக் கொத்தி, உள்ளே இருக்கும் வெளிர்நிறம் தெரியும்படி வரைந்த உருவங்கள் பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். முதுகில் கோடு போட்ட தைலசின் (டாஸ்மேனியப் புலி) விலங்கும் அவற்றில் உண்டு, ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது அழிந்தே சுமார் மூவாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது ஏறியது. அதே தீபகற்பத்தில் எரிவாயு ஆலைகளும் உர ஆலையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1980களில் ஆலைக்கு இடம் வேண்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்குப் பாறைகளைப் பெயர்த்து வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். புல்டோசரையாவது 17ஆம் பிரிவைக் காட்டித் தடுக்கலாம், ஆலைப் புகை அந்தப் பாறைத்தோலை மெல்ல அரிக்கிறதா என்ற கேள்வியில் விஞ்ஞானிகளே மோதிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிரிவைக் காட்டுவது?

பெர்த்திலோ பில்பாராவிலோ வேலை பார்க்கும் நம் ஆட்களும் 15ஆம் பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. புதைகுழி, பாறை ஓவியம், செதுக்கு, அடுக்கிய கற்கள் போன்ற எதுவும் இருப்பது தெரியவந்தால், அது ஏற்கெனவே பதிவாளருக்குத் தெரியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாத வரை, பதிவாளரிடமோ காவல்துறையிடமோ சொல்ல வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. எடுத்துப் பார்க்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள்.

மாநிலம் கைவிட்டால் கடைசியாக 1984ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 9ஆம் பிரிவின்படி மத்திய அமைச்சர் 30 நாள் தடை அறிவிக்கலாம், நீட்டித்தால் மொத்தம் 60 நாள் வரை. நீண்ட காலப் பாதுகாப்புக்கு 10ஆம் பிரிவு. 2024 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸில் பிளேனி அருகே தங்கச் சுரங்கத்தின் கழிவு அணை வரவிருந்த பகுதிக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். விண்ணப்பம் பூர்வகுடியினரிடமிருந்தோ அவர்கள் சார்பிலோ வர வேண்டும். எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, வாயால் சொன்னாலும் அது விண்ணப்பம்தான்.