டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

டெங்கு வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்றுதான். அதே ரத்தப் பரிசோதனைத் தாளில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அதை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் நோயாளி ஆபத்தை நெருங்குகிறாரா என்று பார்க்க மருத்துவர் முக்கியமாகக் கவனிப்பது அதைத்தான்.

ஏடிஸ் கொசு கடித்து 4 முதல் 10 நாட்களில் திடீரென்று கடும் காய்ச்சல் அடிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி, குமட்டல் எல்லாம் சேர்ந்து வரும். இந்தக் கட்டத்தில் மற்ற வைரஸ் காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிவது கடினம். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

எந்தப் பரிசோதனை என்பதைக் காய்ச்சலின் நாள் கணக்குதான் தீர்மானிக்கிறது. வைரஸின் என்.எஸ்.1 புரதம் முதல் நாளிலிருந்து சுமார் ஐந்தாம் நாள் வரை ரத்தத்தில் நன்றாகத் தெரியும். அதன் பிறகு நம் உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்.எஸ்.1 பிடிபடாமல் போகலாம். அதனால் நெகட்டிவ் என்று வந்தாலே டெங்கு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வைரஸ் தொற்றும்போதுதான் நோய் கடுமையாகும் வாய்ப்பும் அதிகம்.

மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'அப்பாடா, விட்டுவிட்டது' என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். சிலருக்குச் சிக்கல் தொடங்குவதே அப்போதுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் ரத்தம் கெட்டியாகிறது.

மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மொத்த உயரத்தில் அந்தப் படிவு எத்தனை சதவீதம் என்பதே பி.சி.வி. நேற்று 36 இருந்தது இன்று 44 ஆனால், அது 20 சதவீதத்துக்கு மேற்பட்ட உயர்வு. பிளாஸ்மா கசிகிறது என்று அர்த்தம்.

கசிவு தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 100/80 என்று வந்தால், மேல் எண் 100 இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. இடைவெளி 20 ஆகிவிட்டதே, அதுதான் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் எட்டாத அதிர்ச்சி நிலையின் ('ஷாக்') அடையாளம். கை கால் சில்லிடும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி, அமைதியின்மை ஆகியவை இதற்கு முன்பே வரும் எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லையென்றாலும், உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

அப்படியானால் பிளேட்லெட்? அது குறைவதும் முக்கியமான தடயம்தான். ஆனால் ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதில் பெரும்பாலும் பயனில்லை, சில நாட்களில் தானே ஏறிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை, தொடவே கூடாது.

பிளாஸ்மா கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் வெளியே போன நீர் ரத்தத்துக்குத் திரும்பும், பி.சி.வி. இறங்கும், சிறுநீர் நன்றாகப் போகும், பசி எடுக்கும். கசிவை ஈடுகட்ட ஏற்றிய டிரிப்ஸ் அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் நோயாளி தேறிவரும்போது மருத்துவர் டிரிப்ஸைக் குறைத்து நிறுத்திவிடுகிறார்.