டைட்டானியத்துக்கு ஒரு ஊதாக் குளியல்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு டைட்டானியம், அதன் தலையில் பொருத்திய பந்து மட்டும் செராமிக் என்றார் டாக்டர். டைட்டானியம் அவ்வளவு உசத்தி என்றால் பந்தையும் அதிலேயே செய்ய வேண்டியதுதானே?"

செய்து பார்த்தார்கள், சார். அப்படிப் பந்து வைத்த சிலருக்கு மறுபடி மூட்டைத் திறந்தபோது, பந்தில் கீறல்கள். சுற்றியிருந்த திசு உலோகத் தூள் படிந்து கறுத்திருந்தது.

வலிமை வேறு, தேயாமை வேறு. மூட்டுக்கும் விமானத்துக்கும் பயன்படும் வழக்கமான கலவையில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். எடை எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல்; துருப்பிடிக்காது. இந்தத் துருப்பிடிக்காத குணம் மேலே படர்ந்திருக்கும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலத்தின் தயவு. (ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று டைட்டானியக் காப்பு விற்கிறார்களே, அந்தப் படலத்தால் உடம்போடு வினை புரியாமல் சும்மா கிடப்பதுதான் இந்த உலோகத்தின் பெருமையே!) ஆனால் உரசினால் படலம் கிழிகிறது. அடியில் இருக்கும் வெற்று உலோகம் எதிரே வருவதோடு ஒட்டிக்கொள்கிறது, அடுத்த அசைவில் பிய்ந்து வருகிறது. பிய்ந்த துகள் ஆக்சைடாகி, உப்புத்தாள் மாதிரி மறுபடி தேய்க்கிறது.

இதற்கான வைத்தியங்களில் எனக்குப் பிடித்தது பிளாஸ்மா நைட்ரைடிங்: அயனியாக்கிய வாயுவை (அதுதான் பிளாஸ்மா) வைத்து உலோகப் பரப்புக்குள் நைட்ரஜனை ஏற்றுவது. ஒரு உலோக அறையில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் விடுகிறார்கள். உள்ளே வைத்த பொருளை எதிர்மின்முனையாக்கி, சில நூறு வோல்ட் கொடுத்தால் வாயு அயனியாகி ஊதாவாக ஒளிர்கிறது. அந்த ஒளி அறையின் நடுவே நிற்பதில்லை. பல்சக்கரமானால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி, பொருளின் வடிவத்தை அப்படியே போர்த்திக்கொள்கிறது.

காரணம், கொடுத்த மின்னழுத்தத்தில் பெரும்பகுதி பொருளை ஒட்டிய சில மில்லிமீட்டர் இடைவெளியிலேயே விழுந்துவிடுவதுதான். அதற்கு வெளியே மின்புலம் ஏறக்குறைய இல்லை. அங்கே அலைந்துகொண்டிருக்கும் நேர்மின் அயனி ஒன்று அந்த எல்லையைத் தாண்டியதும் சரிவில் உருண்டதுபோல் பாய்ந்து பரப்பில் மோதுகிறது. அந்த மோதல்தான் பொருளைச் சூடாக்குகிறது, பல அமைப்புகளில் தனி அடுப்பே தேவையில்லை. அதே மோதல் மேலிருக்கும் ஆக்சைடை அணு அணுவாகப் பெயர்த்தெறிகிறது. நைட்ரஜனுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது அந்த ஆக்சைடுதான். பரப்பிலிருந்து சில எலெக்ட்ரான்களும் தெறிக்கின்றன. அவை வாயுவுக்குள் ஓடிப் புதிய அயனிகளை உண்டாக்க, ஒளிர்வு அணையாமல் தொடர்கிறது. காவலாளியைத் துரத்தி, அடுப்பு மூட்டி, விறகும் தானே கொண்டுவரும் ஏற்பாடு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் நடப்பது ஊடுருவல். 700 முதல் 900 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால், நைட்ரஜன் அணுக்கள் டைட்டானியப் படிகத்தின் இடுக்குகளுக்குள் நுழைகின்றன. மேலே சில மைக்ரான் தடிமனுக்குத் தங்க நிற டைட்டானியம் நைட்ரைடு, அதன்கீழ் நைட்ரஜன் குறைந்த இன்னொரு நைட்ரைடு, அதற்கும் கீழே நைட்ரஜன் கரைந்து, ஆழம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் பகுதி. விக்கர்ஸ் கடினத்தன்மை (வைர முனையால் அழுத்திப் பார்த்து அளக்கும் எண்) அடியில் 350 அளவில் இருக்க, உச்சியில் 2000ஐ ஒட்டி வரும். மேலே பூசிய பூச்சு என்றால் ஓரிடத்தில் திடீரென முடியும், அங்கே உரியும். இது படிப்படியாகக் குறைவதால் அந்த அபாயம் குறைவு.

அறையில் துளி கசிவு இருந்தாலும் காரியம் கெட்டது. டைட்டானியத்துக்கு நைட்ரஜனைவிட ஆக்ஸிஜன்மேல்தான் பாசம் அதிகம்.

காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அணுக்கரு இணைவை ஆராய்வதற்காக வளர்ந்தது. "சூரியனைப் பூமியில் செய்து என்ன கண்டீர்கள்?" என்று பட்ஜெட் நேரத்தில் கேட்பவர்கள் உண்டு. அதே நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுதான் பிளாஸ்மா நைட்ரைடிங்கைத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோனது. பயன் என்ன என்று முதல் நாளே ரசீது கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது என்பது என் கட்சி.

சரி, நைட்ரைடு ஏற்றிய டைட்டானியப் பந்து வைக்கலாமே என்றால், மூட்டில் சிக்கல் தடிமன். மெல்லிய கடினத் தோல் ஓரிடத்தில் உடைந்தால், அந்தத் துணுக்குகளே மூட்டை அரைக்கும். செராமிக் பந்து முழுவதும் கடினம், அதற்குத் தோல் என்று ஒன்று இல்லை.

இன்னொரு குறை உலோகக் களைப்பு. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் பாகத்தில், நைட்ரஜன் ஏறிய நொறுங்கும் பரப்பு விரிசலுக்கு வழிவிடுகிறது. நெடுநேர வெப்பம் உள்ளே உள்ள படிகங்களையும் பெரிதாக்கிவிடுகிறது. அதனால் வெப்பத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒரு வழியில், எலெக்ட்ரானை உமிழும் சூடான இழையைத் தனியாக அறைக்குள் வைக்கிறார்கள். எலெக்ட்ரான் வரத்து கூடுதலாக இருப்பதால் இன்னும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பிளாஸ்மா நிற்கிறது. வழியில் மோதிச் சக்தியை இழக்காமல் அயனிகள் முழு வேகத்தில் வந்து விழுகின்றன, 700 டிகிரியை ஒட்டியே வேலை முடிகிறது. தோல் மெல்லியதுதான், ஆனால் களைப்புத் தாங்கும் வலிமை அவ்வளவாகப் போவதில்லை.