உறுப்புசார் தன்னுடல் தாக்குநோய்: சொல்லும் பொருளும்

"ஆட்டோஇம்யூன் நோய்" என்று மருத்துவர் சொல்வது பலர் காதில் "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது" என்றே விழுகிறது. செய்திகளிலும் சில நேரம் அப்படித்தான் எழுதுகிறார்கள். இது பொருளைத் தலைகீழாக்கிவிடும் பிழை. எதிர்ப்பு சக்தி குறைவதற்குத் தடுப்பாற்றல் குறைபாடு என்று பெயர். எய்ட்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது. ஆட்டோஇம்யூன் நோயில் தடுப்பாற்றல் மும்முரமாகவே வேலை செய்கிறது. கிருமியை விட்டுவிட்டு உடலின் சொந்தத் திசுவைக் குறிவைப்பதுதான் சிக்கல். பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டவர் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியையும் டானிக்கையும் தேடிப் போவார். அவருக்குத் தேவைப்படுவது வேறு.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். "ஆட்டோ" என்பது "தான்" எனப் பொருள்படும் "ஆட்டோஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. "இம்யூன்" இலத்தீன் மொழியின் "இம்யூனிஸ்". உரோமானியர் காலத்தில் வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்றவரைக் குறித்த சொல் அது. ஒருமுறை வந்த நோய் திரும்பத் தாக்காமல் விலக்குப் பெற்ற உடல் என்ற பொருளில் மருத்துவம் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டது. ஆக, மூலச் சொல்லில் போரும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. தமிழில் நாம் வைத்த எதிர்ப்பு, தடுப்பு, தாக்கு எல்லாம் அந்த ஆற்றல் செய்யும் வேலையைப் பார்த்து வைத்தவை.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்குகின்றன: தன்னுடல் தாக்குநோய், தன்னெதிர்ப்பு நோய், தன்தடுப்பாற்றல் நோய், சுயஎதிர்ப்பு நோய். "தன்னெதிர்ப்பு" என்றால் தன்னை எதிர்ப்பதா, தானாக எதிர்ப்பதா என்று முதல்முறை படிப்பவர் தடுமாறுவார். "தன்தடுப்பாற்றல்" மூலத்துக்கு நெருக்கமாக இருந்தாலும், கேட்டவுடன் நல்ல குணம்போல ஒலிக்கிறது. என்னைக் கேட்டால் "தன்னுடல் தாக்குநோய்" என்பதே ஏற்றது. எது எதைத் தாக்குகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. அதற்கும் ஒரு குறை உண்டு, கீழே வருகிறது. நோயில் காணப்படும் எதிர்ப்பொருளை, அதாவது தடுப்பாற்றல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்டிபாடிக்குப் "பிறபொருளெதிரி" என்ற அழகான சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் இந்த நோயில் அது எதிர்ப்பது பிற பொருளை அல்ல, தன் பொருளை. அதனால் இவ்விடத்தில் "தன்னெதிர்ப்பொருள்" என்று எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

அடுத்தது "உறுப்புசார்". தன்னுடல் தாக்குநோய்களை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். லூபஸ் போன்றவற்றில் எல்லாச் செல்களிலும் இருக்கும் பொருள்களே, எடுத்துக்காட்டாக செல் உட்கருவின் டி.என்.ஏ., இலக்காகின்றன. அதனால் தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் எனப் பல இடங்கள் பாதிக்கப்படும். இவை உடல்தழுவிய வகை. மற்ற வகையில் இலக்கு ஓர் உறுப்பிலோ ஒரு வகைச் செல்லிலோ மட்டும் உருவாகும் பொருள். தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி தைராய்டில்தான் பெருமளவு இருக்கிறது. ஹாஷிமோட்டோ நோயில் தைராய்டு அழிகிறது. 21-ஹைட்ராக்சிலேஸ் அட்ரினல் சுரப்பியின் நொதி. அடிசன் நோயில் அதன் புறணி அழிகிறது. இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்தால், பி12 வைட்டமினை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் உள்காரணிப் புரதம் கிடைக்காமல் பெர்னீசியஸ் இரத்தசோகை வருகிறது. முதல் வகை நீரிழிவில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மட்டும் போகும்; அதே செல் திட்டில் அருகிலிருந்து குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். குறி அவ்வளவு நுணுக்கமானது.

இங்கே கவனிக்க வேண்டியது, "உறுப்புசார்" என்பது இலக்கைக் குறிக்கிறதே தவிர அறிகுறி தெரியும் இடத்தை அல்ல. கிரேவ்ஸ் நோயில் இலக்கு தைராய்டு. நோயாளி சொல்வதோ படபடப்பு, கைநடுக்கம், எடைக் குறைவு, தூக்கமின்மை. இதய நோய் என்றும் மனப்பதற்றம் என்றும் அலைந்துவிட்டுத்தான் பலர் தைராய்டுப் பரிசோதனைக்கு வருகிறார்கள். பெர்னீசியஸ் இரத்தசோகையில் பழுது இரைப்பையில், பி12 குறைவால் நரம்பு நலிந்து மரத்துப்போவது பாதம்.

பாகுபாடு எல்லா இடத்திலும் கச்சிதமாகப் பொருந்தாது. முதன்மைப் பித்தநாள அழற்சியில் எதிர்ப்பொருள் குறிவைப்பது மைட்டோகாண்ட்ரியாவின் புரதத்தை. மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலான செல்களில் இருக்கிறது. ஆனால் அழிவது கல்லீரலின் சிறு பித்தநாளங்கள். குட்பாஸ்ச்சர் நோயிலோ இலக்கு நான்காம் வகைக் கொலாஜனின் ஒரு குறிப்பிட்ட சங்கிலி. அது சிறுநீரக வடிகட்டியிலும் நுரையீரல் காற்றறைகளிலும் இருப்பதால் சிறுநீரில் இரத்தமும் இருமலில் இரத்தமும் சேர்ந்தே வரலாம்.

இப்போது "தாக்கு" என்ற சொல்லின் குறைக்கு வருவோம். கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் தைராய்டை அழிப்பதில்லை. தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் வந்து அமர வேண்டிய ஏற்பியில் தான் அமர்ந்து, சுரப்பியை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மயஸ்தீனியா கிராவிஸில் பெரும்பாலோருக்கு நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அது அடைத்தும் குறைத்தும் விடுகிறது. காலையில் நன்றாகத் திறந்திருக்கும் இமை மாலையில் சரிவதும், உணவை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்வதும் அதனால்தான். ஒன்றில் அழிவு, ஒன்றில் தூண்டல், ஒன்றில் தடை. மூன்றையும் "தாக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குகிறோம் என்பது நினைவிலிருந்தால் போதும்.

இந்தக் கருத்து மருத்துவத்தில் எளிதில் வேரூன்றவில்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆட்டின் சிவப்பணுவை அழிக்கும் பொருள் உருவானது; தன் சிவப்பணுவை அழிக்கும் பொருள் உருவாகவில்லை. உடல் தன்னைத்தானே நஞ்சாக்கிக்கொள்ள அஞ்சும் என்ற பொருளில் "ஹாரர் ஆட்டோடாக்சிக்கஸ்" என்ற தொடரை அவர் வழங்கினார். 1904இல் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் குளிர்பட்டால் சொந்தச் சிவப்பணுவையே சிதைக்கும் எதிர்ப்பொருளைக் காட்டியும், எர்லிக்கின் கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவை ஆராய்ந்து, அதில் நிணநீர்ச் செல்கள் திரள்திரளாக நிறைந்திருப்பதை எழுதினார். ஏன் அவை அங்கே வந்தன என்பதற்கு விடை கிடைத்தது 1956இல்தான். நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயல் தைராய்டின் சாற்றை முயல்களுக்கே ஊசி வழியே செலுத்த, அவற்றின் தைராய்டில் ஹாஷிமோட்டோ கண்டதுபோன்ற செல் திரள்கள் தோன்றின. அதே ஆண்டு லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்திலேயே தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதத்துக்கு எதிரான பொருளைக் கண்டுபிடித்தார்கள். உறுப்புசார் தன்னுடல் தாக்குநோய் என்ற கருத்து காலூன்றியது அங்கேதான்.

உடல் பொதுவாகத் தன்னைத் தாக்காமல் இருப்பது எப்படி? மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில், தடுப்பாற்றலின் வெள்ளணுக்களான டி செல்கள் முதிரும்போது, "ஏர்" என்னும் மரபணு உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கே உரிய புரதங்களை அங்கேயே சிறிதளவு உருவாக்கிக் காட்டுகிறது. இன்சுலினும் அப்படிக் காட்டப்படும் புரதங்களில் ஒன்று. அவற்றோடு வலுவாக ஒட்டும் டி செல்கள் அகற்றப்படுகின்றன. அந்த மரபணு பழுதானவர்களுக்குச் சிறு வயதிலேயே பாராதைராய்டு, அட்ரினல் என அடுத்தடுத்து சுரப்பிகள் பாதிக்கப்படும். இந்தச் சல்லடையில் தப்பிய செல்களை வெளியே அடக்கிவைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். அவற்றைப் பற்றிய ஆய்வுக்காக மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உறுப்புசார் வகை என்று பிரித்தறிவதன் பெரும்பயன் சிகிச்சையில் தெரியும். உடல்தழுவிய வகையில் தடுப்பாற்றலையே அடக்க வேண்டியிருக்கிறது. சுரப்பி அழியும் வகையிலோ பெரும்பாலும் தடுப்பாற்றலைத் தொடுவதே இல்லை. இழந்த பொருளை வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஹாஷிமோட்டோவுக்கு லெவோதைராக்சின், அடிசனுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன், முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின், பெர்னீசியஸ் இரத்தசோகைக்கு பி12. "ஆட்டோஇம்யூன் என்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்களே" என்று ஹாஷிமோட்டோ நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி, மயஸ்தீனியா, குட்பாஸ்ச்சர் போன்றவற்றில் அடக்கும் மருந்து தேவைதான்; அங்கே ஈடுகட்டக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஈடுகட்டும் மருந்திலும் பிழைகள் நேர்கின்றன. லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்துச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணிநேர இடைவெளி தேவை. சேர்த்து விழுங்கினால் அவை மருந்தைப் பிடித்துவைத்து உட்கிரகிக்க விடாது. சுரப்பி முழுதும் செயலிழந்தவருக்குத் தேவைப்படுவது நாளொன்றுக்குக் கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், முதியவருக்கும் இதய நோயாளிக்கும் மிகக் குறைவாகத் தொடங்குவார்கள். மருந்தளவை மாற்றினால் டி.எஸ்.எச்.ஐ 6 முதல் 8 வாரம் கழித்தே பார்க்க வேண்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் ஹார்மோனைக் கூட்டியும் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை உண்டாக்கிக் காட்டும். தைராய்டு பெராக்சிடேஸுக்கு எதிரான ஆன்டி டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அளவை மாதாமாதம் பார்ப்பதால் பயனில்லை. சிகிச்சையை நடத்துவது அந்த எண் அல்ல, டி.எஸ்.எச்.

கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயில் பிழை வேறு மாதிரி. சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போனால், எதிர்ப்பொருள் குறைந்து சோதனை இயல்பு என்றே வரலாம். குளூட்டனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும், கூடவே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு வழக்கமான சோதனை பொய்யாக இயல்பு காட்டும்.

வயதுவந்தோருக்கு வரும் நீரிழிவு எல்லாம் இரண்டாம் வகை என்ற எண்ணமும் தவறு. ஒல்லியான உடல், மாத்திரைக்குச் சில காலம் மட்டும் அடங்கிய சர்க்கரை, ஏற்கெனவே தைராய்டு நோய் என்றிருந்தால் பீட்டா செல்லிலுள்ள ஜி.ஏ.டி. என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்ப்பது நல்லது. முதல் வகை என்று உறுதியானால் இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சாப்பிட முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலின் வேண்டும்.

ஓர் உறுப்பில் இந்நோய் வந்தவருக்கு மற்றோர் உறுப்பிலும் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட அதிகம். தைராய்டோடு வெண்புள்ளியோ, இரைப்பையோ, அட்ரினலோ சேரலாம். இதில் உயிருக்கே ஆபத்தான சேர்க்கை அட்ரினல். தைராய்டு, அட்ரினல் இரண்டும் குறைந்தவருக்கு லெவோதைராக்சினை முதலில் தொடங்கினால், உடல் கையிருப்பில் உள்ள அட்ரினல் ஹார்மோனான கார்ட்டிசாலையும் வேகமாகச் செலவழித்து, இரத்த அழுத்தம் சரிந்து அட்ரினல் நெருக்கடி வரலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராய்டு மருந்து பிறகு. தைராய்டு மாத்திரை தொடங்கியபின் ஒருவருக்குக் களைப்பு குறையாமல் கூடினால், வாந்தியும் தலைசுற்றலும் வந்தால், உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கருத்திருந்தால், மருந்தளவைக் கூட்டுவதற்கு முன் காலை 8 மணிக் கார்ட்டிசாலையும் சோடியம், பொட்டாசியத்தையும் உடனே பார்க்க வேண்டும். மயக்கம் வருமளவுக்கு அழுத்தம் இறங்கிவிட்டால் முடிவு வரும்வரை காத்திருக்காமல், இரத்தம் எடுத்த கையோடு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சொட்டும் தொடங்கிவிட வேண்டும்.